அழுக்கு மட்டும் பாக்கி

என் வீட்டுக்காரர் தையல் மிஷின் ரிப்பேர் செய்வார் என்று ஸ்டாஃப் ரூமில் சொன்னது நான்தான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. கெமிஸ்ட்ரி டீச்சர் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே, "லிஃப்ட் மெக்கானிக்குக்கு லீவு நாள்ல எப்படிப் பொழுது போகும்?" என்று சும்மா கேட்டார். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வெளியே வந்தது தையல் மிஷின்.

உண்மை இதுதான். நாற்பத்தேழு வயதான அந்த மனிதர், லீவு நாட்களில் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் தகர ஷெட்டுக்குள் உட்கார்ந்து துப்பாக்கி செய்கிறார். சுடுகிற துப்பாக்கி இல்லை. இன்னும் இருநூறு வருடம் கழித்து, வேறு ஏதோ கிரகத்தில், வேறு யாரோ தோளில் மாட்டிக்கொண்டு நடக்கப் போகிற துப்பாக்கி. இதைக் கணக்கு டீச்சரான நான் கெமிஸ்ட்ரி டீச்சரிடம் எந்த முகத்தோடு சொல்வது?

பத்து நாள் கழித்து கெமிஸ்ட்ரி டீச்சர் தன் மாமியாரின் தையல் மிஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நின்றார். எனக்கு வியர்த்துவிட்டது. என் வீட்டுக்காரர் மிஷினைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "உள்ள வைங்கம்மா, நாலு நாள்ல தரேன்" என்றார். சொன்னபடி தந்தார். வண்டி தெருமுனை தாண்டிய பிறகு கையைத் துடைத்துக்கொண்டே, "டீச்சர், அடுத்த தடவை எனக்கு வேலை வாங்கிக் குடுக்கறதுக்கு முன்னாடி என்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

அந்த ஷெட்டுக்குள் ஒரு சின்னக் கடைசல் லேத், இரும்பைக் கவ்விப் பிடிக்க ஒரு வைஸ், சுவர் முழுக்க அரங்கள். கழற்றிப்போட்ட பழைய லிஃப்ட்களிலிருந்து மேனேஜரிடம் கேட்டு வாங்கி வந்த பித்தளை வளையங்கள், இரும்புத் துண்டுகள், அலுமினியக் குழாய்கள். எல்லாமே அசல் உலோகம். பிளாஸ்டிக் என்றால் அவருக்கு ஆகாது. "கையில எடுத்தா கனம் தெரியணும். கனம் இல்லாத ஆயுதத்தை எவன் நம்புவான்?" என்பார். அதே சமயம் யாரும் அசல் என்று பயந்துவிடவும் கூடாது என்பதில் கறாராக இருப்பார். குழாயின் வாயில் இரண்டு விரல் ஆழத்துக்குத்தான் துளை. அதற்குப் பின்னால் கெட்டி இரும்பு. ஒரு துப்பாக்கியின் பக்கவாட்டில் பழைய லிஃப்ட் பித்தான்கள் இரண்டைப் பதித்திருந்தார், மேலே ஒரு அம்புக்குறி, கீழே ஒரு அம்புக்குறி. "மேல அமுக்கினா சுடும். கீழ அமுக்கினா மன்னிச்சு விட்டுடும்" என்று விளக்கம் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கவில்லை. சிரித்தால் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே.

என் அக்கா வீட்டில் இந்த விஷயம் தெரியும். போன வருடம் அக்கா வீட்டு விருந்தில், இருபது பேர் நடுவில், அத்தான் கையைத் தட்டி எல்லாரையும் அமைதியாக்கிவிட்டு, "சகலை! எந்த கிரகத்து மேல படையெடுப்பு? முன்கூட்டியே சொல்லிடுங்க, நான் நிலத்தை வித்துட்டு வந்துடறேன்!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான். அவர் ஒரே ஒரு முறை என் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, தட்டில் இருந்ததைச் சாப்பிடப் போய்விட்டார்.

இதெல்லாம் இப்படியே ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பெண் வந்தாள்.

ஒரு சின்னப் படத்துக்குக் கலை இயக்குநர். வயது இருபத்தாறு, இருபத்தேழு இருக்கும். என் வீட்டுக்காரரைப் போல முகமூடி, கவசம், வாள் என்று செய்கிறவர்கள் வருடத்துக்கு ஒரு முறை எங்கோ ஒரு ஹாலில் கூடுவார்கள். அங்கே இவர் செய்ததைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறாள். இரண்டே வாரத்தில் வீடு தேடி வந்துவிட்டாள். கதையில் ஒரு காவல்காரி, ஆள் நடமாட்டமில்லாத சுரங்கக் கிரகம் ஒன்றில் பதினெட்டு வருடம் தனியாக இருக்கிறாளாம். அவளுக்கு ஒரு துப்பாக்கி வேண்டும்.

"சார், அவளுக்குப் படத்துல பேசத் துணையே கிடையாது. அந்தத் துப்பாக்கியைப் பார்த்தாலே அந்தப் பதினெட்டு வருஷமும் தெரியணும் சார்" என்றாள்.

என் வீட்டுக்காரர் கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தார். "நான் சினிமாவுக்கெல்லாம் செஞ்சதில்லையேம்மா."

"அதனாலதான் சார் உங்ககிட்ட வந்தேன்."

அன்றைக்கு அவர் நடந்த நடையே வேறு. குளிக்கும்போது பாடினார். ஒரு மாதத்தில் செய்து முடித்தார். அதற்கப்புறம் மூன்று வாரம் கதவைச் சாத்திக்கொண்டு வேறு ஏதோ செய்தார். கேட்டால், "வயசாக்கிட்டு இருக்கேன்" என்பார்.

"இங்க ஒருத்திக்குத் தானா வயசாகுது, அதைக் கவனிக்க ஆளில்ல" என்றேன்.

"உங்களுக்கு வயசாகறதே தெரியலையே டீச்சர், நான் என்ன பண்ணட்டும்?"

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்தப் பெண் வந்து எடுத்துப் போவதாக ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை ஷூட்டிங். அதே சனிக்கிழமை அக்காவும் அத்தானும் வருவதாக வியாழக்கிழமை போன் வந்தது. நான் எவ்வளவோ சாக்குச் சொல்லிப் பார்த்தேன், அக்கா விடவில்லை. "சினிமாக்காரங்க வராங்களாமே, உன் வீட்டுக்காரர் சொல்லிட்டார். நாங்களும் பார்க்கறோம்" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கே அவருக்கு அழைப்பு வந்துவிட்டது. ஏதோ ஒன்பது மாடிக் கட்டடத்தில் இரண்டு லிஃப்ட்டும் நின்றுவிட்டதாம். செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "எல்லாம் முடிஞ்சுது டீச்சர். அழுக்கு மட்டும் பாக்கி. சாயங்காலம் வந்து பார்த்துக்கறேன்."

பள்ளியில் அன்று பரீட்சை. பன்னிரண்டு மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன். ஹாலைப் பெருக்கினேன், சோபா உறை மாற்றினேன், அக்கா குறை சொல்லக்கூடிய இடங்களையெல்லாம் ஒன்றுக்கு இரண்டு தடவை துடைத்தேன். பிறகு ஷெட்டைப் பார்த்தேன். நாளைக்கு அத்தான் கட்டாயம் அங்கேதான் முதலில் போவார்.

கதவைத் திறந்து உள்ளே போனேன். மேஜை மேல் ஒரு துணியில் அது கிடந்தது. ஒரு குப்பைமேட்டிலிருந்து பொறுக்கி வந்தது போல இருந்தது. அலுமினியம் முழுக்கக் கறுப்பும் பழுப்பும். இடுக்குகளில் துரு. பின்பக்கம் ஒரு நசுங்கல். குழாயின் வாய் நீலமும் ஊதாவுமாகக் கருகியிருந்தது. பிடியில் ஒரு பக்கம் மட்டும் பெருவிரல் அளவுக்குத் தேய்ந்து வெளுத்திருந்தது. இதைக் கையில் தூக்கிக்கொண்டு அத்தான் ஹாலில் நிற்பதும், சோபாவில் உட்கார்ந்து அக்கா மூக்கைச் சுளிப்பதும் அப்படியே கண் முன்னால் வந்தது.

பள்ளியில் விளையாட்டு விழாக் கோப்பைகளுக்கு நான்தான் பொறுப்பு. வருடா வருடம் அறுபத்துமூன்று கோப்பைகளையும் நான்தான் துலக்குவேன். பாலிஷ் டின் வீட்டிலேயே இருந்தது. பழைய பனியன் துணி, பஞ்சு, பல் தேய்க்கும் பிரஷ், பாத்திரம் தேய்க்கும் கம்பி நார். மேஜையை ஜன்னல் ஓரமாக இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் வினிகரில் துணியை நனைத்துத் துருவை எடுத்தேன். பிறகு கம்பி நார். பிறகு பாலிஷ். பித்தளை வளையங்கள் ஒவ்வொன்றாகப் பொன் நிறத்துக்கு வந்தன. நீலம் முதலில் போகவில்லை, அழுத்தித் தேய்க்கத் தேய்க்க அதுவும் போனது. கை வலித்தது. ஒரு கட்டத்தில் எனக்கே பெருமையாகக்கூட இருந்தது. மூன்று மணி நேரம் ஆனது.

அவர் ஆறு மணிக்கு வந்தார். நான் அவர் கையைப் பிடித்து ஷெட்டுக்கு இழுத்துப் போனேன். மாலை வெயில் ஜன்னல் வழியே விழுந்து அது பரிசுக் கோப்பை போல மின்னியது.

அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். தோளில் இருந்த டூல் பையைக்கூட இறக்கவில்லை. பிறகு மெல்ல மேஜையிடம் வந்து, பிடியைத் தொட்டார். அந்தப் பெருவிரல் இடத்தைத் தேடினார். எல்லா இடமும் ஒரே மாதிரி வழவழவென்று இருந்தது. திருப்பித் திருப்பித் தேடினார்.

"என்னாச்சுங்க?"

"ஒண்ணுமில்ல." பையை இறக்கினார். "துரு... துருவையும் எடுத்துட்டீங்களா?"

"நீங்கதானே காலையில சொன்னீங்க, அழுக்கு மட்டும் பாக்கின்னு!"

அந்த வார்த்தை என் வாயில் எப்படி அவ்வளவு சுலபமாக வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தவர் முகத்தில், ஏதோ கணக்குக்கு விடை கிடைத்தது போல, ஒரு தெளிவு வந்தது. நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஐயோ! இன்னும் ஒரு கை அழுக்கு பூச வேண்டியது பாக்கின்னு சொன்னேன். நீங்க துடைக்க வேண்டியது பாக்கின்னு நினைச்சுட்டீங்க. என் மேலதான் தப்பு. சரியாச் சொல்லியிருக்கணும்."

"மறுபடி பூச முடியாதா?"

"மூணு வாரம் டீச்சர். ஒண்ணு காஞ்சாத்தான் ஒண்ணு பூசணும். ராத்திரியோட ராத்திரியா அவசரத்துல பூசினா பொய்யாத் தெரியும்." என் கையைப் பிடித்துப் பார்த்தார். விரல் நுனியெல்லாம் கறுத்துக் கம்பி நார் கீறியிருந்தது. "பாருங்க, கை என்னத்துக்கு ஆகும்? விடுங்க. நீங்க வேணும்னேவா பண்ணீங்க?"

அவர் குளிக்கப் போன பிறகு நான் அங்கேயே நின்றேன். சுவரில் ஒரு கரும்பலகை. அதில் அவர் கையெழுத்தில் வரிசையாக எழுதியிருந்ததை நான் பலமுறை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன், லிஃப்ட் சர்வீஸ் குறிப்பு என்று நினைத்திருக்கிறேன். அப்போதுதான் படித்தேன்.

'வருடம் 1 – புதுசு. வருடம் 3 – ஏணியிலிருந்து விழுந்தது, பின்பக்கம் நசுங்கல். வருடம் 6 – மணல் காற்று, இடது பக்கம் மட்டும் கீறல். வருடம் 9 – ஒரு முறை சுட்டிருக்கிறாள். வாய் கருகல். யாரை என்று தெரியாது. வருடம் 11 – வலது கை உடைந்து ஆறு மாதம் இடது கையால் பிடிக்கிறாள். வருடம் 18 – பயத்தில் அல்ல, பழக்கத்தில் பிடிக்கிறாள். பெருவிரல் தேய்ந்த இடம்.'

நான் பலகையைப் பார்க்க முடியாமல் வெளியே வந்தேன்.

வார்த்தையைத் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று அவர் நம்பிவிட்டார். நான் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை. மூன்று வாரம் முன்னால் ஒரு மத்தியானம் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்: சின்னத் தூரிகையால் பழுப்பு நிறத்தைத் தொட்டுத் தொட்டு வைத்துவிட்டு, தலையைச் சாய்த்துப் பார்த்து, மறுபடி தொட்டு வைத்துக்கொண்டிருந்தார். அந்த அழுக்கு அவர் போட்டது என்று எனக்கு நன்றாகத் தெரியும். பதினெட்டு வருடக் கதைதான் தெரியாதே தவிர, அழுக்கு தெரியும். தெரிந்தேதான் துடைத்தேன். என் அக்காவுக்காகத் துடைத்தேன்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கே அக்காவும் அத்தானும் வந்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் நல்ல சட்டை போட்டுக்கொண்டு, ஹால் மேஜையில் துணி விரித்து அதை வைத்திருந்தார்.

"அடேங்கப்பா!" என்றார் அத்தான். "சகலை, நான் என்னமோ இரும்புக்கடைச் சாமான்னு நினைச்சேன். வெள்ளிக் குத்துவிளக்கு மாதிரி இருக்கே! எங்க ஷோகேஸ்ல வைக்க ஒண்ணு பண்ணிக் குடுங்க."

"என் தங்கச்சி கை வெச்சிருப்பா" என்றாள் அக்கா. "அவ கை பட்டா கரிச்சட்டிகூட கண்ணாடியாயிடும்."

"ஆமாங்க" என்றார் என் வீட்டுக்காரர். "கை நோகத் தேய்ச்சாங்க."

நான் டீ போடப் போகிறேன் என்று உள்ளே போய், அடுப்பைப் பற்றவைக்காமல் நின்றுகொண்டிருந்தேன்.

பத்து மணிக்கு அந்தப் பெண் வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே எட்டிப் பார்த்துச் சிரித்தாள். மேஜையருகே வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கத்து நசுங்கல் மட்டும் அந்தப் பளபளப்பின் நடுவில் புதிதாகப் பட்ட அடி போலத் தெரிந்தது.

"சார்... போன வாரம் போட்டோ அனுப்பினீங்களே, அது?"

"இதுதாம்மா அது." அவர் துணியின் நுனியை நேராக்கினார். "கடைசி நேரத்துல ஒரு கெமிக்கலை மாத்திப் போட்டுட்டேன். எல்லாம் கலைஞ்சு போச்சு. என் கவனக்குறைவுதான்."

அவள் எதையும் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "பரவாயில்ல சார். முதல் தடவைதானே. எங்க ஆபீஸ்ல அப்பவே சொன்னாங்க, பொழுதுபோக்கா செய்யறவங்ககிட்ட குடுக்காதே, நேரத்துக்கு வராதுன்னு. நான்தான்..." பாதியில் நிறுத்திக்கொண்டாள். "நாளைக்கு ஒரு பிளாஸ்டிக் பீஸ் இருக்கு. அதை வெச்சு எடுத்துக்கறோம்."

அவர் தலையாட்டினார். ஐம்பது மாடி தூக்குகிற லிஃப்ட்டின் கயிற்றைத் தொட்டுப் பார்த்தே பழுது சொல்கிற மனிதர், தன் வீட்டு ஹாலில், என் அக்கா முன்னால், கவனமில்லாதவன் என்று பேர் வாங்கிக்கொண்டு நின்றார்.

"அவர் எதையும் மாத்திப் போடல" என்றேன்.

என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. எல்லாரும் திரும்பினார்கள்.

"டீச்சர், விடுங்க" என்றார் அவர்.

"நான்தான் துடைச்சேன். கம்பி நார் போட்டு."

"அது ஒண்ணுமில்லம்மா" என்றார் அவர் அந்தப் பெண்ணிடம் அவசரமாக. "நான் சொன்னது ஒண்ணு, அவங்க புரிஞ்சுகிட்டது ஒண்ணு. அழுக்கு பாக்கின்னு சொல்லிட்டுப் போயிட்டேன். யாராயிருந்தாலும்..."

"இல்லங்க. எனக்குப் புரிஞ்சுது."

அவர் அந்தப் பெண்ணை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க தூரிகை வெச்சுப் பூசினதைப் பார்த்தேன். வேணும்னு போட்ட அழுக்குன்னு தெரியும். அக்கா வராளே, அத்தான் வராரே, இதைப் பார்த்து மறுபடி சிரிப்பாங்களேன்னு துடைச்சேன். உங்களுக்காக இல்ல. எனக்கு வெட்கமா இருந்தது. ஸ்கூல்ல நீங்க தையல் மிஷின் ரிப்பேர் பண்றீங்கன்னு சொன்னதும் அதனாலதான்."

அத்தான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா அவர் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள்.

அந்தப் பெண் துப்பாக்கியைத் துணி மேல் மெல்ல வைத்தாள். "சாரி சார்" என்றாள் அவரிடம். "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. போட்டோல பார்த்தபோது எங்க டைரக்டர் ரெண்டு நிமிஷம் என் போனைத் திருப்பித் தரவே இல்ல. அதை உங்ககிட்ட சொல்லணும்னுதான் வந்தேன்." என் பக்கம் அவள் திரும்பவில்லை. அது நியாயம்தான். டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். ஷூட்டிங் தேதி யாருக்காகவும் நிற்காது.

அவள் போன பிறகும் அவர் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. பிறகு என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எவ்வளவு நேரம் துடைச்சீங்க?"

"மூணு மணி நேரம்."

"மூணு மணி நேரம்" என்றார். "தெரிஞ்சே."

கத்தியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அவர் துணியோடு சேர்த்து அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனார். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

அக்கா என் தோளைத் தொட்டாள். "ஏண்டி, அந்தப் பொண்ணு முன்னாடியே சொல்லணுமா? தனியாச் சொல்லியிருக்கலாமே."

"அவருக்குக் கெட்ட பேர் வந்தது அந்தப் பொண்ணு முன்னாடிதானே" என்றேன்.

அத்தான் சோபா நுனியில் உட்கார்ந்து கார் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். "நான் விளையாட்டுக்குத்தான்மா சொல்வேன்" என்றார் தரையைப் பார்த்து. "சகலை மனசுல வெச்சுப்பார்னு நினைக்கல."

"அவர் வெச்சுக்கல அத்தான். நான்தான் வெச்சுகிட்டேன்."

டீ போட்டேன். நாலு டம்ளர். ஒன்றை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். ஷெட் கதவு தாழிடப்படவில்லை, வெறுமனே சாத்தியிருந்தது. முந்தின நாள் அதே கதவைக் கேட்காமல் தள்ளிக்கொண்டு போனவள், இப்போது விரல் மடக்கித் தட்டினேன்.

"என்னங்க... உள்ள வரலாமா?"

உள்ளே ஏதோ இழுப்பறை திறந்து மூடியது. பதில் வராது என்று திரும்பப் போனேன்.

"இன்னைக்கு வேண்டாம் டீச்சர்" என்றார்.

டீயைப் படியில் வைத்துவிட்டு நின்றேன். ஆவி வந்துகொண்டிருந்தது. சொல்ல வேண்டியதையெல்லாம் ஹாலிலேயே சொல்லிவிட்டதால், மேற்கொண்டு சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

"ஆறிடும்" என்று மட்டும் சொன்னேன்.

"எடுத்துக்கறேன்" என்றது குரல்.